மீண்டும் எடுத்த தூரிகை

வல்ல இறைவன் நமக்கு அருளியுள்ள செல்வங்களுள் கண் பார்வைக்கு ஈடாக எதைச் சொல்ல முடியும்? ஆயினும் அந்தப் பார்வையைக் கொண்டு நாம் எதைப் பார்க்கிறோம் என்று ஒருநாள் அமர்ந்து கணக்கெடுத்தால் வெட்கப்பட நேரிடும். கடிகாரத்தைப் பார்க்கிறோம். ரயில் வருகிறதா என்று பார்க்கிறோம். கைப்பேசியைப் பார்க்கிறோம். ஆனால் வீட்டு வாசலில் பதினைந்து ஆண்டுகளாக நிற்கும் மரத்தின் இலை எவ்வடிவில் இருக்கும் என்று யாரேனும் கேட்டால், விடை தெரியாமல் விழிக்கிறோம்.

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் பணியில் இருக்கும் எனக்கு இந்தக் குறையை உணர்த்தியவன் பத்து வயதுச் சிறுவன் ஒருவன். அவனுக்கு நான் இழைத்த தவறையும், அத்தவறு என்னை எங்கே கொண்டு சேர்த்தது என்பதையும் வாசகர்களுடன் பகிர்ந்து கொள்வது கடமை எனக் கருதுகிறேன். இதே தவறு நம் இல்லங்கள் பலவற்றில் நாள்தோறும் நடந்து வருவதே அதற்குக் காரணம்.

கிழிக்கப்பட்ட தாள்

2016ஆம் ஆண்டு. தாம்பரத்தை அடுத்த ஒரு மஹல்லாவில் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் மக்தப் வகுப்பு. முற்றத்தில் பெரிய வேப்பமரம் ஒன்று நின்றது. பிள்ளைகள் அதன் நிழலில்தான் பாய் விரித்து ஓதுவார்கள். ஒருநாள் ஒரு மாணவன் பாடம் ஒப்பிக்காமல் குனிந்தே இருப்பதைக் கண்டு அருகில் சென்றேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வேப்பமரத்தை வரைந்து கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. பாட நேரத்தில் வேறு வேலை செய்ததற்காகக் கண்டித்திருந்தால் அது நியாயம். நானோ, "படம் வரைவது ஹராம் என்று தெரியாதா?" என்று கேட்டு, எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்க அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். சிறுவன் அழவில்லை. தலையை மட்டும் கவிழ்த்துக் கொண்டான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நான்காம் நாள் அவனுடைய பாட்டனார் வந்தார். முதியவர், மிகுந்த மரியாதையுடன் பேசினார். "ஹஜ்ரத், பேரன் உங்கள்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. மரத்தையும் வரையக் கூடாதா என்று மட்டும் என்னிடம் கேட்கிறான். எனக்கு விடை தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்டுப் போக வந்தேன்" என்றார்.

எனக்கு விடை தெரியும். தெரிந்தும் மறந்திருந்தேன் என்பதுதான் வேதனை. "நாளைக்குப் பேரனையும் அழைத்து வாருங்கள், வாப்பா. அவனிடமே சொல்கிறேன்" என்று கூறி அவரை அனுப்பிவிட்டு, அன்றிரவு கிதாபைத் திறந்தேன்.

கிதாபு சொன்ன விடை

ஸஹீஹுல் புகாரியில் வணிகம் பற்றிய பகுதியில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. கைத்தொழிலாக உருவங்கள் செய்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து, தம் தொழில் பற்றிக் கேட்கிறார். உருவம் படைப்போர் அதற்கு உயிர் கொடுக்குமாறு மறுமையில் பணிக்கப்படுவர், அது அவர்களால் ஒருபோதும் இயலாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துரைக்கிறார்கள். கேட்டவருக்கு மூச்சு வாங்குகிறது. முகம் வெளிறிப் போகிறது. அதைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி), இத்தொழிலை விட முடியாதெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவருக்கு வழி காட்டுகிறார்கள்.

இந்த ஹதீஸை நான் ஓதியிருக்கிறேன். பிறருக்கு ஓதிக்கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் அன்றிரவுதான் அதன் நடுவிலுள்ள ஒரு சிறு செய்தி என் கண்ணில் பட்டது. அந்த நபித்தோழர் சட்டத்தைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கொள்ளவில்லை. கேட்டவரின் முகத்தைப் பார்த்தார்கள். அது வெளிறியதைக் கண்டார்கள். ஆகாத வழியை அடைத்த அதே வேளையில் ஆகுமான வழியையும் திறந்து வைத்தார்கள். நானோ ஆகுமான வழியில் நின்ற பிள்ளையையே அடித்து விரட்டியதுபோல் செய்துவிட்டேன். அவன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களுள் ஒருவரான நவவீ (ரஹ்) அவர்களும், ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், மரம் முதலான உயிரற்றவற்றை வரைவது விலக்கப்பட்டதன்று என்றே தெளிவுபடுத்துகிறார்கள். கனி தரும் மரத்தை வரைவதை முஜாஹித் (ரஹ்) அவர்கள் விரும்பவில்லை என்பதையும் அறிஞர்கள் குறிப்பிடத் தவறவில்லை. எனினும் பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு மரங்களுக்கு இடமளிப்பதே ஆகும்.

மறுநாள் பாட்டனாருடன் அந்த மாணவன் வந்தான். எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போதே அவனிடம், "தம்பி, தவறு என்னுடையது. மரத்தை வரையலாம். பாட நேரத்தில் மட்டும் வரையாதே" என்றேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இருவரும் சேர்ந்து அந்த வேப்பமரத்தை மறுபடியும் வரைவோம் என்றும் வாக்களித்தேன். அவன் முகம் மலர்ந்ததை இப்போது பார்த்தேன்.

பள்ளிவாசல் சுவரிலும் மரங்கள்

அந்த மாணவனுக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமே என்பதற்காக, பட்டப்படிப்பில் வரலாறு பயின்ற காலத்து நினைவுகளைத் தூசு தட்டினேன். நம் முன்னோர் பசுமையை எவ்வளவு நேசித்தார்கள் என்பது அப்போது மீண்டும் புலப்பட்டது.

டமாஸ்கஸ் நகரின் உமைய்யாப் பெரிய பள்ளிவாசலைக் கலீஃபா வலீது அவர்கள் 705 முதல் 715 வரையிலான தம் ஆட்சிக்காலத்தில் கட்டினார்கள். அதன் சுவர்களில் பொன்னிறப் பின்னணியில் வண்ணச் சில்லுகளைப் பதித்து அமைத்த காட்சிகள் உலகப் புகழ் பெற்றவை. ஓங்கிய மரங்கள், ஓடும் ஆறு, கரையோரத்து மாளிகைகள் யாவும் அங்கே உள. ஆனால் ஒரு மனிதரோ ஒரு விலங்கோ அக்காட்சியில் இல்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் காட்டிய வழி, ஒரு பள்ளிவாசலின் சுவர் முழுதும் மரங்களாக விரிந்து நிற்பதைப் போன்றிருக்கிறது அது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் கல் தூண்களைப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைத்திறன் அங்கே பூவாகவும் கொடியாகவும் கோலமாகவும் மலர்ந்திருக்கிறது. உருவம் ஒன்றுகூட இல்லை. எனினும் அழகுக்குக் குறைவில்லை.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1620ஆம் ஆண்டு வசந்த காலத்தில் காஷ்மீர் சென்றார். அங்கு மலர்ந்த பூக்களைத் தம் அரண்மனை ஓவியர் மன்சூரைக் கொண்டு வரையச் செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை மன்சூர் வரைந்ததாகப் பேரரசரின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. அவர் வரைந்த செந்நிற டியூலிப் மலர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆசாத் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மன்சூர் பறவைகளையும் விலங்குகளையும் கூட வரைந்தவர். அவை பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிட்டு, ஒரு பூவின் இதழ் மடிப்பை அவர் எத்துணைப் பொறுமையுடன் நோக்கியிருப்பார் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கிறேன்.

சென்னை மாகாணத்திலும் அத்தகைய பொறுமைசாலிகள் வாழ்ந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான இராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ஆறு தொகுதிகள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். அதில் 2,101 படங்கள் உள்ளன. அவருக்காகத் தாவரங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் செடியினத்துக்கே வைட் சூட்டி மகிழ்ந்தார் என்றால், அந்த உழைப்பின் அருமை விளங்கும்.

தள்ளிப்போட்ட வேலை

இத்தனையும் மாணவனுக்குச் சொன்னேன். சொல்லாத செய்தி ஒன்றும் இருந்தது. நானும் ஒரு காலத்தில் வரைந்தவன். பள்ளிப் பருவத்திலும் கல்லூரிப் பருவத்திலும் நீர்வண்ணப் பெட்டியும் தூரிகையும் என் பையில் எப்போதும் இருக்கும். பின்னர் மார்க்கக் கல்வியில் நுழைந்தபோது அவற்றை ஒரு தகரப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். எந்த உஸ்தாதும் என்னைத் தடுக்கவில்லை. மனித முகங்களை வரையும் பழக்கத்தை விடவேண்டியது சரியே. ஆனால் மரத்தையும் மலையையும் ஏன் அவற்றுடன் சேர்த்து மூடினேன்? எளிதாக இருந்தது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கிவிடுவது எளிது. எது ஆகும், எது ஆகாது என்று பிரித்தறிவதுதான் கடினம். அதற்குத்தானே கல்வி?

அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டது பெரும் பிழையாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், ரபீஉல் அவ்வல் மாதத்தில், வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தது. நகரிலும் புறநகரிலும் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்ததை யாவரும் அறிவர். எங்கள் முற்றத்து வேப்பமரமும் வேரோடு வீழ்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் தீங்கில்லை. ஆனால் தலைமுறைகளுக்கு நிழல் தந்த அந்த மரத்தின் சாயலைக் காட்டும் ஒரே படம், நான் கிழித்தெறிந்த அந்தத் தாள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாணவன் வந்து சாய்ந்த மரத்தைப் பார்த்தான். "ஹஜ்ரத், மனப்பாடமாக வரைய முயன்றேன். கிளை எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று மறந்துவிட்டது" என்றான். எனக்கும் நினைவில்லை. அந்த மரத்தடியில் ஐந்தாண்டு காலம் அமர்ந்து ஓதிக்கொடுத்தவன் நான்!

அன்றிரவு தகரப் பெட்டியைத் திறந்தேன். வண்ணங்கள் கட்டிதட்டிப் போயிருந்தன. தூரிகைகளில் ஒன்று மட்டுமே தேறியது. அதுவே போதுமானதாயிற்று.

ஓர் ஆசிரியரின் கவலை

வேறு பணியில் இருந்துகொண்டு வரைகலைக்குத் திரும்ப முடியுமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அப்போது என் நினைவுக்கு வந்தவர் ஓவிய ஆசிரியர் கே.சி.எஸ். பணிக்கர். நம் தென்சென்னையிலேயே அவர் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சிறு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கினார். தந்தையார் மறைந்ததும் குடும்பச் சுமை தோளில் விழுந்தது. கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சென்றார். இத்தகைய சுமையால் கலையை மறந்தோர் பலர். அவரோ 1936இல் சென்னை அரசினர் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. பிறகு அங்கேயே ஆசிரியரானார். 1957இல் முதல்வருமானார்.

முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவரை ஒரு கவலை வாட்டியது. திறமையுடன் படித்து வெளியேறும் மாணவர்கள், வயிற்றுப் பாட்டுக்காக வேறு வேலை தேடிச் சென்று தூரிகையையே மறந்து விடுகிறார்களே என்பதுதான் அக்கவலை. இதற்கு அவர் கண்ட வழி எளியது. ஓவியர்கள் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அந்த வருவாயில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966இல் தங்களுக்கென ஒரு கிராமத்தையே அமைத்துக் கொண்டனர். கை ஒரு பகுதி நேரம் சோற்றுக்கு உழைக்கும், மறு பகுதி நேரம் கலைக்கு உழைக்கும் என்பதே அவர்கள் ஏற்பாடு. 1967இல் ஓய்வு பெற்ற பணிக்கர் 1977இல் மறைந்தார். அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. சென்னை ஓவிய இயக்கத்தாரின் படைப்புகளைக் கொண்ட அருங்காட்சியகம் ஒன்றும் 2009 முதல் அங்கு உண்டு.

அங்குள்ள படைப்புகள் அனைத்தும் நம் மார்க்கக் கண்ணோட்டத்துக்கு ஏற்றவை என்று நான் கூறமாட்டேன். ஆயினும் பிழைப்புக்காக ஓர் ஆற்றலைப் புதைத்துவிட வேண்டியதில்லை என்ற பாடம் அங்கிருந்து கிடைத்தது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தவரும் பிழைப்பைப் பற்றித்தானே கேட்டார்? மனிதனுக்கு அளிக்கப்பட்ட திறமையை நல்வழியில் திருப்பிவிடுவதே அறிவுடையோர் செயல்.

ஓர் இலை போதும்

ஃபஜ்ர் தொழுகை முடிந்து சூரியன் சற்று உயர்ந்த பின், அரைமணி நேரம் மட்டும் வரைவது என்று விதித்துக் கொண்டேன். முழு மரத்தை வரைய முற்பட்டு ஒரு வாரம் தோற்றேன். பிறகு ஓர் இலையை மட்டும் எடுத்துக் கொண்டேன். வேப்பிலைதான். சிறு வயது முதல் பார்த்த இலை. ஆனால் பென்சிலைத் தாளில் வைத்த பிறகே தெரிந்தது, நான் அதைப் பார்த்ததே இல்லை என்று. சிற்றிலை ஒவ்வொன்றும் அரிவாள்போல் ஒருபுறம் வளைந்திருக்கிறது. விளிம்பு ரம்பப் பல்லாக வெட்டுண்டிருக்கிறது. நடு நரம்பின் இரு புறமும் சமமாக இல்லை. ஒரு பக்கம் அகன்றும் மறு பக்கம் குறுகியும் காம்பில் சேர்கின்றன.

இலை என்றால் பச்சை என்பது நம் நினைப்பு. மாசி, பங்குனியில் வேம்பு பழைய இலையை உதிர்த்துத் துளிர்க்கும்போது பாருங்கள். கொழுந்து செம்பு நிறத்தில் மின்னும். பூவரசம் பூ காலையில் மஞ்சளாக விரியும். வாடும் வேளையில் சிவந்து போயிருக்கும். ஒரே பூவைக் காலையிலும் மாலையிலும் வரைந்தால் இரண்டு வண்ணங்கள் தேவைப்படும்!

திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயத்து 99ஆம் வசனம், கனிகள் காய்ப்பதையும் பழுப்பதையும் உற்றுநோக்குமாறு நம்மைப் பணிக்கிறது. அல்முல்க் அத்தியாயம், இறைவனின் படைப்பில் குறை ஏதும் தென்படுகிறதா என்று மீண்டும் மீண்டும் பார்வையைச் செலுத்தச் சொல்கிறது. அல்காஷியா அத்தியாயம் ஒட்டகம், வானம், மலை, பூமி என ஒவ்வொன்றாகச் சுட்டி, அவற்றைப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறது. இவ்வசனங்களை ஓதும்போதெல்லாம் பொருள் அறிந்தே ஓதினேன். ஆனால் மீண்டும் பார் என்பதன் பொருளைப் பென்சில்தான் கற்பித்தது. வரைபவன் இலையைப் பார்க்கிறான், தாளைப் பார்க்கிறான், கோடு தவறிவிட்டது என்று கண்டு மறுபடி இலையைப் பார்க்கிறான். தவறு ஒவ்வொரு முறையும் தாளில்தான் இருக்கிறது. இலையில் இல்லை. ஸுப்ஹானல்லாஹ்!

நம் பெரியோர்கள் தஃபக்குர் என்று சொன்ன சிந்தனைக்கு இஃதொரு சிறு வாயில் எனலாம். இது வணக்கத்துக்கு மாற்றன்று. வணக்கத்தில் அலைபாயும் மனத்தை அடக்கப் பழக்கும் பயிற்சி என்ற அளவிலேயே இதை நான் காண்கிறேன்.

நீர்வண்ணம் பொறுமையையும் கற்பிக்கிறது. இதில் வெள்ளைக்குத் தனி வண்ணம் பூசுவதில்லை. தாளின் வெண்மையே வெளிச்சம். ஆதலால் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று முன்கூட்டியே எண்ணி அவ்விடத்தைத் தொடாமல் விட வேண்டும். முதலில் வெளிர் நிறம், அது உலர்ந்த பின் அடர் நிறம். ஈரம் காயுமுன் அவசரப்பட்டால் எல்லாம் கலங்கிவிடும். பெட்டியில் உள்ள ஆயத்தப் பச்சை நம் ஊர் மரங்களுக்கு ஒத்துவராது. மஞ்சளும் நீலமும் கலந்து, அதில் ஒரு துளி சிவப்போ காவியோ சேர்த்தால்தான் வேம்பின் பச்சை கிட்டும். கோபக்காரன் என்று பெயர் எடுத்த எனக்கு, ஒரு வண்ணம் உலரும் வரை கை கட்டிக் காத்திருப்பது நல்ல மருந்தாக அமைந்தது. வகுப்பில் என் குரல் தணிந்திருப்பதாகப் பிள்ளைகளே பேசிக் கொள்கிறார்கள்.

விஞ்ஞானமும் இதை ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்னும் பேராசிரியை தம் குழுவினருடன் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. 39 பேருக்கு 45 நிமிடம் தாளும் வண்ணமும் களிமண்ணும் தந்து விருப்பம்போல் செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்ததில், ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு மன இறுக்கத்தைக் காட்டும் கார்டிசால் என்னும் சுரப்பு குறைந்திருந்தது. முன்பே பயின்றவருக்கும் பயிலாதவருக்கும் இதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லையாம். சிறிய ஆய்வுதான். எனினும், தனக்கு வரைய வராது என்று ஒதுங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

நம் ஊரின் பசுமை

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குமுன் 1928இல், காசநோயாளிகளுக்காக மருத்துவர் சௌரி முத்து இங்குதான் சானடோரியத்தை அமைத்தார். தூய காற்றும் மரநிழலுமே அந்நாளில் அந்நோய்க்குச் சொல்லப்பட்ட மருந்து. அத்தகைய மருந்துச்சாலையாக விளங்கிய தாம்பரம், 2021இல் மாநகராட்சியாகிவிட்டது. ஏரிக்கரைகளிலும் பனந்தோப்புகளிலும் வீடுகள் எழுந்துவிட்டன. நீர் போகும் வழியை அடைத்ததன் விளைவை 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் அடையாற்று வெள்ளத்தில் கண்ணீருடன் கண்டனர்.

ஆயினும் எல்லாம் போய்விடவில்லை. 1937இல் தாம்பரத்துக்குக் குடிவந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகம் இன்றும் ஒரு காடுபோல் நிற்கிறது. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், பாடத்துக்கு அப்பாலும் அவ்வளாகத்தின் செடி கொடிகளில் ஆர்வம் காட்டியவர். வண்டலூரிலும் நன்மங்கலத்திலும் காப்புக்காடுகள் உள்ளன. களா, காரை, சூரை, நுணா என நம் மண்ணுக்கே உரிய புதர்க்காட்டு மரஞ்செடிகள் அங்கு உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகக் கவனத்தைப் பெற்றது. அங்குள்ள கோரையும் நீரும் வானமும் எந்த ஓவியனுக்கும் தீராத பாடங்கள்.

நாம் எதை உற்றுப் பார்க்கிறோமோ அதன்மேல் அன்பு பிறக்கிறது. அன்பு பிறந்த பிறகு அதை வெட்டக் கை எழாது. என் மாணவர்கள் சிலர் இப்போது விடுமுறை நாள்களில் என்னுடன் ஏரிக்கரைக்கு வருகிறார்கள். பனையோலை விசிறியாக விரிவதையும், உதிர்ந்த மட்டையின் தழும்பு தண்டில் வளையமாகப் பதிவதையும் வரைகிறார்கள். ஒருநாள் ஒரு பையன், "ஹஜ்ரத், போன மாதம் வரைந்த பனை இப்போது இல்லை" என்றான். படத்துக்கு அடியில் தேதி எழுதும் பழக்கத்தை அன்று முதல் கட்டாயமாக்கினேன்.

இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை சுவரிலோ நோட்டிலோ கிறுக்கினால் உடனே கையை ஓங்காதீர்கள். என்ன வரைகிறான் என்று பாருங்கள். மனித உருவமானால், மார்க்கத்தின் எல்லையை அன்புடன் எடுத்துச் சொல்லி, அவன் கையை மரத்தின் பக்கம், மலையின் பக்கம், மேகத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் சாதாரண வரைதாளும் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கான நீர்வண்ணப் பெட்டியே தொடக்கத்துக்கு மிகுதி.

அடுப்படியும் பிள்ளைகளுமாக நாளைக் கழிக்கும் தாய்மார்கள் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை முன்வைத்து வரைந்து பார்க்கலாம். பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கொண்டு தொடங்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். பாங்கு சொன்னதும் தூரிகையைக் கழுவி வைத்துவிட வேண்டும். தொழுகையைத் தாமதப்படுத்தும் எந்தப் பழக்கமும் நமக்கு வேண்டாம். பிறர் புகழ வேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம். வரைந்ததைவிட, வரையும்போது பார்த்ததுதான் நமக்கு மிச்சம்.

மரம் சாய்ந்த பள்ளத்துக்கு அருகில், அதன் விதையில் முளைத்திருந்த கன்று ஒன்றை அந்த மாணவன் கண்டெடுத்தான். மறுமை நிகழும் வேளையில் கையில் ஒரு கன்று இருந்தாலும் அதை நட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸைச் சொல்லிக் கொடுத்தேன். அவனே அதை முற்றத்தில் நட்டான். அது இப்போது மாடி உயரத்துக்கு வளர்ந்து, பிள்ளைகளுக்கு நிழல் தருகிறது. அவன் கல்லூரியில் பயில்கிறான். பங்குனியில் கொழுந்துவிடும் போது ஆண்டுக்கு ஒரு முறை இருவரும் அமர்ந்து அந்த மரத்தை வரைகிறோம். என் படத்தைவிட அவன் படமே நன்றாக அமைகிறது. அதை நான் வாய்விட்டுச் சொல்கிறேன். அவனுக்கு நான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியாவது அவ்வாறு தீரட்டும்.

தன் படைப்புகளை உற்றுநோக்கி, அவற்றின் வழியே தன்னை அறிந்து, தனக்கு நன்றி செலுத்தும் நன்மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.